தமிழ்ப் பெட்டிக்குள் குடியேறிய ஆங்கிலம்: ஒரு மும்மொழித் தளத்தில் நடந்தது

பிழையைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். உங்கள் தளத்தின் தமிழ்ப் பக்கத்தில், பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்ற பகுதி ஆங்கிலத்தில் கிடக்கிறது, அதுகூடப் பரவாயில்லை, ஆனால் அதே விஷயத்தை ஆங்கிலப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறது, இரண்டில் எதை நம்பி நான் பஸ் ஏறுவது என்று கேட்டிருந்தார்.

அவருடைய முதல் குறைக்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது. தமிழ் வடிவம் இன்னும் எழுதப்படாத இடத்தில் ஆங்கிலத்தைக் காட்டு என்று நாங்களே சொல்லிவைத்திருந்தோம், வெறும் பெட்டியைக் காட்டுவதைவிட அது மேல் என்று அப்போது தோன்றியது. இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டோம். தமிழ் இல்லாததால் ஆங்கிலம் வருகிறது என்றால் இன்றைய ஆங்கிலம் அல்லவா வர வேண்டும்? ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தி மூன்று கிழமை ஆகிவிட்டது. திருத்துவதற்கு முந்தைய ஆங்கிலம் தமிழ்ப் பக்கத்தில் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது?

கேஷ் (வேகத்துக்காக எடுத்துவைக்கும் பழைய பிரதி) தான் காரணம் என்று எல்லாரையும் போல நாங்களும் முதலில் அதன்மேல் பழி போட்டோம். துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தோம், அதே பழைய ஆங்கிலம். பிறகு தரவுத்தளத்தையே திறந்து அந்தப் பதிவின் மொழிபெயர்ப்பு வரிசைகளைப் பார்த்தால், மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று குறித்திருந்த வரிசைக்குள், தேவையான ஆவணங்கள் என்ற பெட்டியில், ஐந்து வரி ஆங்கிலம் எழுத்துப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. நிரலைப் பொறுத்தவரை அது தமிழ். தமிழ் இருக்கிறது, ஆகவே ஆங்கிலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தளம் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அரச சேவைகளை எங்கே, எத்தனை மணிக்கு, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பெறுவது என்று சொல்லும் ஒரு விவரத்தளம். சிறிய அமைப்பு ஒன்றுக்காக மூன்று பேர் சேர்ந்து செய்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கட்டாயம். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே, எத்தனை மொழி வரும் என்ற கேள்வி எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தளத்தைக் கட்டியது ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தில், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். பொத்தான்கள், தலைப்புகள், பிழைச் செய்திகள் எல்லாம் வழக்கமான மொழிக் கோப்புகளில் இருந்தன, அவற்றில் சிக்கல் வரவில்லை. அவற்றை எழுதுவது நாங்கள், எப்போது மாறுகிறது என்று எங்களுக்குத் தெரியும். சிக்கல் வந்தது ஆசிரியர்கள் தினமும் தொடும் பதிவுகளில்.

ஒரு பதிவு என்றால் ஒரு பணிமனை, அதாவது ஒரு அரச அலுவலகம், என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர், முகவரி, தேவையான ஆவணங்கள், குறிப்பு என்று மொழிக்கு மொழி மாறும் பண்புகள் சில. தொலைபேசி இலக்கம், வரைபடப் புள்ளி, மாவட்டம் என்று எந்த மொழியிலும் மாறாத பண்புகள் சில. இரண்டும் ஒரே படிவத்தில் அக்கம்பக்கமாக இருந்தன. இந்த அக்கம்பக்கம்தான் கடைசியில் வினையாக முடிந்தது.

மூன்று நெடுவரிசையா, தனி அட்டவணையா

மொழிக்குரிய பண்புகளை எங்கே வைப்பது என்பதில் இந்தத் துறையில் ஓயாத சண்டை உண்டு. பெயர்_தமிழ், பெயர்_சிங்களம், பெயர்_ஆங்கிலம் என்று பதிவின் அட்டவணையிலேயே மூன்று நெடுவரிசை போடலாம். மொழிபெயர்ப்புக்கென்று தனி அட்டவணை வைத்து, பதிவுக்கும் மொழிக்கும் ஒரு வரிசை என்று எழுதலாம், ரெயில்ஸ் உலகில் குளோபலைஸ் என்ற நிரல் நூலகம் செய்வது அதுதான். எல்லாப் பதிவுகளின் எல்லாப் பண்புகளையும் இரண்டு பொது அட்டவணைகளில் சாவியும் மதிப்புமாகக் கொட்டலாம், மொபிலிட்டி என்ற இன்னொரு நூலகம் தானாகவே தேர்ந்தெடுப்பது இந்த முறையை. அல்லது போஸ்ட்கிரெஸில் பல மதிப்புகளை ஒரே பொதியாக ஏற்கும் ஜேசன்பி நெடுவரிசை ஒன்றுக்குள் மூன்று மொழியையும் பொதிந்து வைக்கலாம்.

நாங்கள் தொடங்கியது மூன்று நெடுவரிசையில். அதைக் குறை சொல்லிப் பேசுபவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம், நாளைக்கு ஐந்தாவது மொழி வந்தால் அட்டவணையை மாற்ற வேண்டுமே என்பது. எங்களுக்கு நாலாவதே வராது. மொழிகள் இவைதான் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் நெடுவரிசை முறை நல்ல முறை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், வினவல் எளிது, இன்னொரு அட்டவணையோடு இணைத்துப் பார்க்க வேண்டாம், தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் யாருக்கும் ஒரு பார்வையில் விளங்கும்.

பிறகு ஏன் தனி அட்டவணைக்குப் போனோம் என்றால், மொழிபெயர்ப்புக்கும் சொந்தமாகப் பண்புகள் இருந்ததால். இந்தத் தமிழை யார் எழுதினார், என்றைக்கு எழுதினார், எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினார், இன்னொருவர் சரிபார்த்தாரா? இவை பணிமனையின் பண்புகள் இல்லை, அந்தப் பணிமனையைப் பற்றிய தமிழ் வாசகத்தின் பண்புகள். இதையெல்லாம் நெடுவரிசையாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்றாகப் பெருகும். ஜேசன்பியையும் ஒரு வாரம் முயன்று பார்த்தோம். ஒரே நேரத்தில் ஒருவர் சிங்களத்தையும் இன்னொருவர் தமிழையும் திருத்தி, இரண்டு பேரும் முழுப் பொதியையும் திருப்பி எழுத, பிந்தியவர் முந்தியவரை அழித்துவிட்டார். கவனமாக எழுதினால் தவிர்க்கலாம்தான், ஆனால் கவனத்தை நம்பி ஒன்றைக் கட்ட எனக்கு விருப்பமில்லை.

சரி, இவ்வளவு யோசித்துச் சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்தோம் அல்லவா, வந்த பிழைக்கும் இந்தத் தேர்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான்கில் எதை எடுத்திருந்தாலும் அதே பிழை அதே இடத்தில் வந்திருக்கும்.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

பதிவின் வரலாற்றில், அந்தத் தமிழ் வரிசையைக் கடைசியாகச் சேமித்தவர் எங்கள் தமிழ் ஆசிரியர் என்று இருந்தது. பல வருடம் மொழிபெயர்ப்பில் இருந்தவர், தமிழ்ப் பெட்டிக்குள் ஆங்கிலத்தை ஒட்டுகிற ஆளே இல்லை. கேட்டேன்.

“நான் தொலைபேசி இலக்கத்தைத்தான் மாத்தினனான் தம்பி. வேற ஒண்டும் தொடேல்லை.”

“அக்கா, அப்ப அதே மாதிரி இன்னொரு பதிவில ஒருக்கா மாத்திக் காட்டுங்கோ, நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்.”

அவர் தமிழ் இடைமுகத்தில் நுழைந்தார். தமிழ் பாதி மட்டும் எழுதியிருந்த ஒரு பதிவைத் திறந்தார். படிவம் வந்தது. பெயர் பெட்டியில் தமிழ். முகவரிப் பெட்டியில் தமிழ். தேவையான ஆவணங்கள் பெட்டியில் ஆங்கிலம். அதற்குக் கீழே தொலைபேசி இலக்கம். அவர் நேரே கீழே போய் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணை மாற்றினார், சேமி என்பதை அழுத்தினார், அவ்வளவுதான். தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளைகளைக் குறித்துவைக்கும் நிரலின் பதிவேட்டில் (லாக்) நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டளைகள் போயின. ஒன்று, பணிமனையின் இலக்கத்தை மாற்று. மற்றது, தமிழ் வரிசையில் தேவையான ஆவணங்கள் என்ற இடத்தை, இதோ இந்த ஐந்து வரி ஆங்கிலத்தால் நிரப்பு.

நடந்தது இதுதான். படிவம், பெட்டிக்குள் எதைப் போடுவது என்று பதிவைக் கேட்கிறது. பதிவு, நாங்கள் எழுதிவைத்த அடுக்கின் வழியாக, தமிழ் இல்லையே, இந்தா ஆங்கிலம் என்று கொடுக்கிறது. வாசகருக்குக் காட்டும்போது அது உபகாரம். திருத்துபவரிடம் கொடுக்கும்போது அது பொய், ஏனென்றால் தமிழ்ப் பெட்டியில் எழுத்து இருக்கிறது என்றால் தமிழ் வரிசையில் எழுத்து இருக்கிறது என்றுதான் பொருள். பிறகு சேமி என்றதும் உலாவி எல்லாப் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போகிறது, தொட்டது தொடாதது என்ற பேதம் அதற்கு இல்லை. இங்கேயிருந்து கடனாக வந்த ஆங்கிலம் அங்கே சொந்தமாகப் பதிவாகிவிடுகிறது.

இதில் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது, இவ்வளவு காலம் யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான். ஆனால் எப்படித் தெரியும்? சேமிப்பதற்கு முன் அந்தத் தமிழ்ப் பக்கத்தில் தெரிந்ததும் இந்த ஐந்து வரி ஆங்கிலம், சேமித்த பின் தெரிந்ததும் அதே ஐந்து வரி. திரையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. என்றைக்கு ஒருவர் மூல ஆங்கிலத்தைத் திருத்துகிறாரோ அன்றைக்குத்தான் இரண்டும் பிரியும், அதையும் ஒருவர் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

கூடவே இன்னொரு கூத்து. எத்தனை பதிவுகளுக்குத் தமிழ் இருக்கிறது என்று மாதாமாதம் ஒரு விழுக்காடு எடுத்து அமைப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அது ஏறிக்கொண்டே போனது. தமிழ் ஆசிரியர்கள் உற்சாகமாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்தோம். உண்மையில் அவர்கள் தொலைபேசி இலக்கங்களை உற்சாகமாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாசல் இல்லை, மூன்று

படிவத்தைச் சரி செய்தால் முடிந்தது என்று நினைத்து, திருத்தி ஏற்றிய அன்றைக்கே புதிதாக ஒரு பதிவில் அதே மாதிரி ஆங்கிலம் ஏறியது. தேடினால், களத்தில் இருப்பவர்கள் பயன்படுத்தும் கைபேசிச் செயலி. அதற்கு நாங்கள் கொடுக்கும் ஏபிஐ (செயலி எங்கள் தரவைக் கேட்டு வாங்கும் வழி), தமிழ் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் கலந்த பதிவைக் கொடுக்கும். செயலி அதில் வரைபடப் புள்ளியை மட்டும் நகர்த்திவிட்டு முழுப் பதிவையும் திருப்பி அனுப்பும். அதே கதை, வேறு வாசல்.

மூன்றாவது வாசல் எங்களுக்கே வெட்கம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு எக்செல் தாளாக எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு வசதி செய்திருந்தோம். அந்தத் தாளில் தமிழ் நெடுவரிசையில், தமிழ் இல்லாத இடமெல்லாம் ஆங்கிலம் நிரம்பி வரும், பார்த்து மொழிபெயர்க்க வசதியாக இருக்கட்டும் என்று. அவர்கள் நூறு வரியில் முப்பதை மொழிபெயர்த்து அனுப்புவார்கள். மீதி எழுபது ஆங்கிலமாகவே திரும்பி வந்து தமிழாக உள்ளே போகும். நல்ல எண்ணத்தில் செய்த வசதி எல்லாம் இப்படித்தான் கழுத்தைப் பிடித்தது.

அதனால் வாசல் வாசலாகப் பூட்டுப் போடுவதை விட்டுவிட்டு, அடியில் மாற்றினோம். முன்பு பதிவிடம் பெயர் என்று கேட்டால் ஃபால்பேக் (கேட்ட மொழி இல்லாதபோது வரும் மாற்று மொழி) சேர்ந்த பெயர் வரும், கலப்பில்லாததைப் பெற வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது தலைகீழ். பெயர் என்று கேட்டால் அந்த மொழியில் என்ன இருக்கிறதோ அதுமட்டும், இல்லையென்றால் இல்லை. வாசகருக்குக் காட்டும் பக்கம் மட்டும் ‘காட்டும் பெயர்’ என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்கும். மொபிலிட்டி போன்ற நூலகங்களில், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஃபால்பேக் வேண்டாம் என்று சொல்லும் வழி இருக்கிறது, ஆனால் மறக்காமல் சொல்ல வேண்டும். மறந்தால் கெட்டது நடக்கும் என்ற பக்கத்தில் இயல்பு நிலையை வைக்கக் கூடாது. ஃபால்பேக் என்பது காட்சியின் வேலை, தரவின் வேலை இல்லை என்று இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டாத குறை.

‘காட்டும் பெயர்’ வாசகத்தை மட்டும் கொடுக்காது, அது எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுக்கும். இது நன்றாகவே வேலைக்கு வந்தது. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலம் காட்ட வேண்டி வந்தால் அந்தத் துண்டுக்கு ஆங்கிலம் என்று எச்டிஎம்எல்லில் மொழி குறித்துவிடலாம். அப்படிக் குறிக்காவிட்டால், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் ஆங்கிலத்தைப் படிக்க முயலும், கேட்கச் சகிக்காது, இணைய அணுகல்தன்மை நெறிகளிலும் இது ஏஏ நிலையில் கேட்கப்படுகிற ஒன்று. அதோடு, ‘இந்தப் பகுதி இப்போதைக்கு ஆங்கிலத்தில் மட்டும்’ என்று ஒரு சிறு வரியும் போட்டோம்.

படிவத்தில், ஆங்கிலத்தைச் சாம்பல் நிறத்தில் பிளேஸ்ஹோல்டராகப் பெட்டிக்குள்ளேயே காட்டலாம் என்று முதலில் நினைத்தோம். அக்கா ஒரே நிமிடத்தில் நிராகரித்தார். தட்டச்சத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், பிறகு எதைப் பார்த்து மொழிபெயர்ப்பது? இப்போது பெட்டிக்கு மேலே மற்ற இரண்டு மொழியும் வெறும் வாசகமாக நிற்கின்றன, பெட்டி காலியாக இருந்தால் காலி.

காலி என்றதும் நினைவுக்கு வருகிறது. வெறும் சரமும் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) என்பதும் ஒன்றில்லை என்ற பழைய பாடத்தை நாங்களும் படித்தோம். காலிப் பெட்டியைச் சேமித்தால் எழுத்தே இல்லாத ஒரு சரம் பதிவாகும், நிரல் அதைத் தமிழ் இருக்கிறது என்று எண்ணி வாசகருக்கு வெறுமையைக் காட்டும். குளோபலைஸிலும் மொபிலிட்டியிலும் இதற்கென்றே தெரிவுகள் உண்டு. நாங்கள் சேமிக்கும் முன் வெறும் சரத்தை எல்லாம் ‘நல்’ ஆக்கிவிடுகிறோம். ஒரே பதிவுக்கு ஒரே மொழியில் இரண்டு வரிசை வராமல் தடுக்க, பதிவும் மொழியும் சேர்ந்த ஒரு தனித்துவ இன்டெக்ஸும் அன்றுதான் போட்டோம், அதுவரை இல்லாதது தவறு.

தமிழா இல்லையா என்று எப்படிச் சொல்வது

நிரலைத் திருத்துவது இரண்டு நாள். ஏற்கெனவே கெட்டுப்போன தரவைத் திருத்துவதுதான் உண்மையான வேலை.

தமிழ் வரிசையும் ஆங்கில வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் தமிழை நீக்கு என்பது முதல் சல்லடை. சுலபமானவை எல்லாம் இதில் விழுந்தன. ஆனால் எங்களைக் கூப்பிட்ட அந்த மட்டக்களப்புப் பதிவு இதில் விழவில்லை பாருங்கள், ஏனென்றால் அதன் ஆங்கிலம் இதற்குள் மாறிவிட்டது. ஆகவே ஆங்கிலத்தின் பழைய பதிப்புகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டோம். பதிப்பு வரலாறு வைத்திருந்ததற்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னோம்.

மூன்றாவது சல்லடை எழுத்துகளின் எண் வரம்பு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள், பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. சிங்களத்துக்கு 3456 முதல் 3583 வரை. தமிழ் வரிசையில் இருக்கும் வாசகத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படு. நல்ல யோசனை, பாதி உண்மை. தமிழ்ப் பெட்டியில் சிங்களத்தை ஒட்டிவிட்டவர்கள் இதில் மாட்டினார்கள். குறிப்பில் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்த பதிவுகளும் மாட்டின, அவை பிழையில்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் மாட்டியது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து, எந்த மொழியிலும் வாசிக்க முடியாத குப்பை போன்ற வாசகங்கள். நீக்கிவிடலாம் என்று கைவைக்கப் போனபோது அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பாமினி” என்றார்.

பாமினி எழுத்துருவைத் தெரியாதவர்களுக்கு: யூனிகோடு பரவுவதற்கு முன் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றாலே பெரும்பாலும் அதுதான், இன்னும் பல பணிமனைகளில் அதுதான். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. தமிழ் என்ற சொல் கணினியின் கணக்கில் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். வேர்டில் பாமினியில் அழகாகத் தெரிந்ததை யாரோ அப்படியே எடுத்து எங்கள் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். அது மொழிபெயர்ப்பு இல்லாத பதிவு இல்லை, முழுமையான, ஒருவர் உட்கார்ந்து எழுதிய தமிழ். நான் நீக்கியிருந்தால் அவருடைய உழைப்பு போயிருக்கும். மாற்றி நிரல் ஒன்று எழுதி யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம், ஆளை வைத்தும் ஒருமுறை சரிபார்த்தோம். சிங்கள வரிசைகளிலும் இதே கதை, அங்கே வேறு பழைய எழுத்துருக்கள்.

அதனால் எதையும் அழிக்கவில்லை. சந்தேகமானதை எல்லாம் தமிழ் வரிசையிலிருந்து எடுத்து ஒரு பக்க அட்டவணையில் போட்டு, இந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்று குறித்து, ஆசிரியர்களுக்குப் பட்டியலாகக் கொடுத்தோம். இனிமேல் தமிழ்ப் பெட்டியில் தமிழ் எழுத்தே இல்லாமல் நீளமாக எதையாவது சேமித்தால் படிவம் எச்சரிக்கும், தடுக்காது.

தமிழுக்குள்ளேயே இன்னொரு தலைவலி. கொழும்பு என்பதன் முதல் எழுத்தில் ஒற்றைக் குறியீடாக ஒகரக் குறியைப் போடலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. இதை யூனிகோடு இயல்பாக்கம் தீர்த்துவிடும், சேமிக்கும் முன் ஒருமுறை என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும். தீராதது ஔகாரம். கொழும்பில் உள்ள பௌத்தாலோக மாவத்தையின் முதல் எழுத்தைப் பலர் கொம்பு போட்டு, ப போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி எழுதுகிறார்கள், பார்க்க அப்படியே பௌ மாதிரிதான் இருக்கும். யூனிகோடுக்கு அது ளகரம், உண்மையான வேறு எழுத்து, அதனால் இயல்பாக்கம் அதைத் தொடாது. எங்கள் வீதிப் பெயர் ஒன்று இரண்டாகிப் போனதற்கு அதுதான் காரணம். தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்படி ஒரு விதி வைத்தோம், சேமித்ததை மாற்றவில்லை, ஏனென்றால் கெளிறு போல ளகரம் உண்மையாகவே வரும் சொற்களும் இருக்கின்றன.

எந்த மொழிக்கு எந்த மொழி மாற்று

தமிழ் இல்லையென்றால் எதைக் காட்டுவது என்பது தொழில்நுட்பக் கேள்வி மாதிரித் தெரியும். இலங்கையில் அது அப்படி இல்லை. தமிழ் கேட்டவருக்குச் சிங்களம் வந்தால் அவர் அதை ஒரு ஃபால்பேக்காக எடுத்துக்கொள்ள மாட்டார், மும்மொழி என்று சொல்லிவிட்டு சிங்களக் கடிதம் வந்து சேர்ந்த அனுபவம் நிறையப் பேருக்கு உண்டு. நாங்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் முதல் மாற்று ஆங்கிலம். ஆங்கிலமும் இல்லையென்றால் மற்ற மொழி, ஆனால் இடங்களின் பெயருக்கும் முகவரிக்கும் மட்டும், வீதியில் நின்று பலகையோடு ஒப்பிட உதவும் என்பதால். ஆவண விவரத்துக்கு மற்ற மொழி வேண்டாம், இன்னும் எழுதவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

மொழிக் குறியீட்டிலும் ஒரு சின்னப் பொறி இருந்தது. தொடக்கத்தில் எங்கள் தமிழை ‘இலங்கைத் தமிழ்’ என்று நாட்டோடு சேர்த்துக் குறித்திருந்தோம். சென்னையில் வாங்கிய கைபேசியின் உலாவி ‘இந்தியத் தமிழ்’ என்று கேட்கும், நாடு பொருந்தவில்லை என்று நிரல் அவருக்கு ஆங்கிலத்தைக் கொடுத்தது. வழக்கமான தேடல் முறையில் கேட்பவருடைய குறியீட்டின் வாலைத்தான் (நாட்டைச் சொல்லும் பகுதியை) வெட்டிப் பார்ப்பார்கள், வைத்திருப்பவருடைய வாலை இல்லை. இப்போது வெறும் ‘தமிழ்’. பணிமனையா அலுவலகமா என்பதில் இரண்டு நாட்டுக்காரரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

மொழியிலிருந்து விடுவித்தவை

இதில் எனக்குப் பிடித்த திருத்தம் வேலை நேரம். அது ஒரு எழுத்துப் பெட்டியாக இருந்தது. ஒருவர் ‘மு.ப. 8.30 – பி.ப. 4.15’ என்று எழுதுவார், ஒருவர் ‘காலை எட்டரை முதல்’ என்று தொடங்குவார், சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, நேரம் மாறினால் மூன்றையும் மாற்ற வேண்டும், மாற்ற மாட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி என்பதும் 8.30 என்பதும் எந்த மொழிக்கும் சொந்தமில்லையே? கிழமையையும் மணியையும் எண்ணாகச் சேமித்துவிட்டு வாசகத்தை மொழிக் கோப்பிலிருந்து நிரலே கட்டிக்கொள்ளும்படி மாற்றினோம். மூன்று பெட்டிகள் ஒரேயடியாகக் காணாமல் போயின. மொழிபெயர்க்க வேண்டிய பண்பு ஒன்றைக் குறைப்பது, அதை ஒழுங்காக மொழிபெயர்க்க வசதி செய்வதைவிட எவ்வளவோ மேல்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். முகவரிக்குள் கையால் எழுதிக்கொண்டிருந்ததைப் பிடுங்கித் தனி அட்டவணையாக்கினோம். யாழ்ப்பாணம் சிங்களத்தில் யாபனய, மட்டக்களப்பு சிங்களத்தில் மடகலபுவ, ஆங்கிலத்தில் வேறு. இவை மொழிபெயர்ப்பே இல்லை, அந்தந்த மொழியில் அந்த ஊருக்குள்ள பெயர். ஒருமுறை சரியாக எழுதினால் எல்லாப் பதிவுக்கும் போதும். வீதியும் இலக்கமும் கொண்ட மீதி முகவரி இன்னும் மொழிக்கு மொழி எழுத்துப் பெட்டியாகவே கிடக்கிறது, அதற்கு நல்ல வழி எனக்குப் புலப்படவில்லை.

காலாவதியாகும் மொழிபெயர்ப்புக்கு ஒரு குறி சேர்த்தோம். ஒவ்வொரு மொழி வரிசையும், மூலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதப்பட்டது என்று நினைவு வைத்திருக்கும், மூலம் நகர்ந்தால் மற்றவை மஞ்சளாகும். மூலம் என்றால் ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டது எங்கள் தவறு. வடக்கு கிழக்கில் பல பதிவுகள் தமிழில்தான் முதலில் எழுதப்பட்டன, அவற்றுக்கு ஆங்கிலம்தான் மொழிபெயர்ப்பு. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் மூல மொழி எது என்று ஒரு பண்பு.

தரவைத் துடைத்து முடித்ததும் அந்த மாதத்துத் தமிழ் விழுக்காடு தொப்பென்று விழுந்தது. அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது, போன மாதம் இருந்த தமிழ் எங்கே போனது என்று. போன மாதமும் இருக்கவில்லை என்பதை விளக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

மட்டக்களப்பு வாசகரின் பக்கத்தை அக்கா அதற்குள் முழுவதும் தமிழில் எழுதிவிட்டார். வாசகருக்குத் தகவல் சொன்னோம். அவர் மறுபடி எழுதினார். இப்போது சரி, ஆனால் நீங்கள் பிறப்புச் சான்றிதழ் என்று போட்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் அம்மா ‘பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்’ என்றுதான் தேடுவார், அப்படித் தேடினால் உங்கள் தளத்தில் ஒன்றும் வரவில்லை. உண்மைதான். விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒவ்வொரு உருப்படிக்கும் மொழிவாரியாகப் பெயர், விளக்கம் இரண்டோடு மாற்றுப் பெயர்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கும், அதைப் பார்த்து நாங்களும் ஒன்று சேர்த்தோம். தமிழில் இந்தச் சேவைக்கு இப்போது மூன்று மாற்றுப் பெயர்கள், ஆங்கிலத்தில் ஒன்றுமில்லை, சிங்களத்தில் ஒன்று. அந்தப் பண்புக்கு ஃபால்பேக்கே கிடையாது.